நாலாம் நம்பர் லிஃப்டின் மஞ்சள் வரிகள்

ஜூன் 3, செவ்வாய்

சின்னு,

எங்கள் மருத்துவமனையில் மொத்தமே நான்கு லிஃப்ட். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான்குதான். நேற்று கூட்டத்தில் பெரிய திரையில் நான் போட்டுக் காட்டிய ரிப்போர்ட்டில் பதினொன்று இருந்தன.

புதிதாக வந்திருக்கும் நிர்வாகி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "மீதி ஏழும் எங்க இருக்குன்னு சொல்லுங்க. நானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்" என்றார். அறையே சிரித்தது. எலக்ட்ரீஷியன் மீசை (முகத்தில் ஒரு முடிகூட முளைக்காததால் அவனுக்கு அந்தப் பெயர்) மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அசடு வழிந்ததைத் துடைக்கக் கைக்குட்டை போதவில்லை.

நடந்தது இதுதான். லிஃப்டில் கை வைத்தால் உடனே எக்செலில் ஒரு வரி எழுதிவிடுவது என் வழக்கம். மூன்று வருடமாக எழுதுகிறேன். ஒரு நாள் "4" என்று எழுதுவேன், ஒரு நாள் "நாலு", அவசரத்தில் "பின்பக்கம்", நல்ல மனநிலையில் "நம்ம பெரியவள்". நான்காம் நம்பரைத்தான் பெரியவள் என்போம். கட்டிலோடு நோயாளியை ஏற்றக்கூடியது அவள் ஒருத்திதான். மீசை எதையோ அழுத்தி, எழுதினதை எல்லாம் பெயர்வாரியாக எண்ணித் தரும் 'பிவட் டேபிள்' போட்டுத் தந்தான். நான் எத்தனை விதமாக எழுதியிருந்தேனோ அத்தனை லிஃப்டாக அது பெற்றுப் போட்டுவிட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை திரும்பவும் காட்ட வேண்டும். எந்த லிஃப்ட் எவ்வளவு தொல்லை தருகிறது என்று பார்த்து நிர்வாகம் ஏதோ முடிவெடுக்கப் போகிறதாம்.

நீ ஆபீசில் செய்வது இந்த வேலைதானே. போனில் கேட்டிருப்பேன். "இனிமே போன் வேண்டாம்பா, எதுன்னாலும் எழுதுங்க, எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒரு விரலால் அடிப்பதால் யோசிக்க நேரமும் இருக்கிறது.

உன் சமையலறைக் குழாய் இப்போது சொட்டுகிறதா? கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

அப்பா


ஜூன் 5, வியாழன், மாலை 7.40

அப்பா,

குழாய் சொட்டவில்லை. பதினோரு லிஃப்டுக்கு நானும் சிரித்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிவட் மேல் தப்பில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உங்கள் சட்டியில் நாலாம் நம்பருக்கு நாலு பெயர். முதலில் எல்லாவற்றையும் ஒரே பெயருக்கு மாற்றுங்கள். 'கண்டுபிடி, மாற்று' என்று ஒன்று இருக்கும், மீசை மாமாவுக்குத் தெரியும். அதன் பிறகு அந்தப் பத்தியில் 'டிராப் டவுன்' வையுங்கள். நான்கு பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் விடும், வேறு எதை அடித்தாலும் ஏற்காது. நல்ல மனநிலை உட்பட.

மாற்றி முடித்ததும் பிவட்டில் வலது பக்கம் அழுத்தி 'ரெஃப்ரெஷ்' கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் பழைய பதினொன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் வீட்டில் சில பேர் மாதிரி.

வட்டப் படம் வேண்டாம், தூண் படம் போடுங்கள். லிஃப்டுக்கு ஒரு தூண்.

வேலை இருக்கிறது.

சின்னு


ஜூன் 12, வியாழன்

சின்னு,

நீ சொன்னபடி சுத்தம் செய்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

நான்கு லிஃப்டுக்கு நான்கு தூண். ரெஃப்ரெஷ் கொடுத்ததும் தூண்கள் எழும்பி நின்றதைப் பார்த்து எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் முழங்கால் உயரம். பெரியவள் மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன அழகு என்று நினைத்தேன். அந்த உயரத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. நான் போட்ட படம் பெரிய திரையில் தெளிவாகத் தெரிகிறதே என்ற பூரிப்பு.

நிர்வாகி அம்மாவுக்கும் பூரிப்பு. "இப்பத்தான் புரியற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த வாக்கியம், "அப்ப நாலாம் நம்பரை நிறுத்திடலாம். மத்த மூணையும் சேர்த்தாலும் இது பண்ற தொல்லை வரலையே. மாத்தறதுக்கு இப்ப வசதி இல்லை. கதவை அடைச்சுட்டு அந்த இடத்தைச் சாமான் வைக்க எடுத்துக்கலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. வெட்டினவன் நான், மண்வெட்டி தந்தவள் நீ.

"அது நல்ல லிஃப்ட்மா" என்றேன். "உங்க படம் அப்படிச் சொல்லலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகச் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி கடைசிக் கூட்டம். அதற்குள் சொல்ல வேறு ஏதாவது இருந்தால் சொல்லலாமாம்.

பெரியவள் நின்றால் மூன்றாம் மாடியில் கால் தேறாதவர்களுக்கு நடக்கப் பழக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலியும் கட்டிலும் எப்படிப் போகும்? மற்ற மூன்றும் கட்டடத்தின் முன்பக்கம். கட்டில் நுழையாது. நுழைந்தாலும் அங்கிருந்து வராந்தா முழுக்கச் சுற்ற வேண்டும். நடக்க முடியாதவர்களை நடக்கப் பழக வரச்சொல்லி நடக்க வைப்பதா?

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பெரியவளை எனக்குத் தெரியும். அவள் இப்படி ஓயாமல் பழுதாகிறவள் இல்லை. ஆனால் எழுதினவனும் நான்தான், ஒரு வரிகூடப் பொய் இல்லை. உண்மையாக எழுதின ஒன்று எப்படிப் பொய்யாக நிற்கிறது?

அப்பா


ஜூன் 16, திங்கள், காலை 11.10

அப்பா,

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்பதைவிட நல்ல கேள்வி.

பிவட்டில் நாலாம் நம்பருக்கு நேராக இருக்கும் எண்ணின் மேல் இரண்டு தடவை தட்டுங்கள். ஒரு தடவை இல்லை, டக் டக் என்று இரண்டு. புதுப் பக்கம் ஒன்று திறக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற வரிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். யார் யார் சேர்ந்து இவ்வளவு பெரிய எண் ஆனார்கள் என்று ஒவ்வொருவராக விசாரிக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எந்த எண்ணையும் நான் தட்டாமல் நம்புவதில்லை.

நீங்கள் அனுப்பிய கோப்பில் நானும் தட்டிப் பார்த்தேன். ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பழைய பக்கத்தில் பாதிக்கு மேல் மஞ்சள் நிறம் பூசியிருக்கிறீர்கள். கொஞ்சம் வரிகள் சிவப்பு. மஞ்சள் என்றால் என்ன?

பதில் எனக்கு ஓரளவு தெரியும். இருந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.

சின்னு


ஜூன் 19, வியாழன்

சின்னு,

தட்டினேன். முதல் தடவை மெதுவாகத் தட்டிவிட்டேன், வரவில்லை. மீசை, "மாமா, அது கதவு இல்ல, மரியாதையாத் தட்டறதுக்கு. டக் டக்குன்னு தட்டுங்க" என்றான்.

வந்தார்கள். பக்கம் நிறைய வந்தார்கள். படித்தேன். "எண்ணெய் போட்டேன்." "சத்தம் வருகிறதா என்று கேட்டேன், இல்லை." "கம்பியைத் துடைத்தேன்." "அந்தப் பக்கம் போனேன், ஒரு தடவை ஏறி இறங்கினேன், நன்றாக இருக்கிறாள்."

சிவப்பு என்றால் லிஃப்ட் நின்றுபோனது. மஞ்சள் என்றால் நானாகப் போய்ப் பார்த்தது. கண்ணால் பார்க்கிற எனக்கு நிறம் போதும். பிவட்டுக்கு நிறம் தெரியாதாம், அதற்கு எல்லாம் ஒரு வரிதான். எது மேல் எனக்கு அக்கறையோ அதை ஓயாமல் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எல்லாம் எழுதினேன். அதனால் கட்டடத்திலேயே மோசமான லிஃப்ட் அவள்தான் என்று ஆகிவிட்டது. இரண்டாம் நம்பரை நான் திரும்பியே பார்ப்பதில்லை, அவன் படத்தில் தங்கமான பிள்ளை.

உன் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேணுமா? போன தடவை மகளைப் பார்க்கப் போகும்போது கையில என்ன எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டாள்.

டூல் பாக்ஸ்.

நீ வாசலில் சொன்னது நினைவு வந்தது. "நீங்க என்னைப் பார்க்க வரலைப்பா. ரிப்பேர் பார்க்க வந்திருக்கீங்க." குழாய், கீல், ஜன்னல் கொக்கி, கடைசியில் உன் மேலதிகாரியிடம் நீ எப்படிப் பேச வேண்டும் என்பது வரைக்கும். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு வராது. லிஃப்டுக்குத் திரும்புகிறேன்.

'ஏன் போனேன்' என்று புதுப் பத்தி ஒன்று சேர்த்தேன். டிராப் டவுனில் இரண்டே பதில்: நின்றுபோனது, சும்மா. வரி வரியாக நிரப்பினேன். நிரப்பி, சும்மாக்களை எல்லாம் விலக்கிப் படத்தைப் பார்த்தால், பெரியவளின் தூண் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் சின்னு, மற்ற மூன்றையும்விட இன்னமும் ஒரு சாண் உயரம். அவள் நிஜமாகவே கொஞ்சம் அதிகமாகத்தான் நிற்கிறாள். பாசம் கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். எண்ணெயும் கம்பியும் குறையில்லாமல் இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்?

இப்போது எனக்குக் கூட்டத்தைவிட இதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது. சாப்பிடும்போதும் இதே நினைப்பு. சோற்றில் இரண்டு தடவை தட்டினேன் என்று உன் அம்மா சொல்கிறாள். நம்பாதே.

அப்பா


ஜூன் 24, செவ்வாய், காலை 10.50

அப்பா,

அம்மாவுக்கு என் முத்தம்.

வாசல் பேச்சை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் நான் எழுதவில்லை.

அடுத்து இரண்டு வேலை. நீங்கள் எழுதிய குறிப்புகளில் எந்த மாடி, எத்தனை மணி என்று எப்போதும் இருக்கிறது. அதற்காக உங்களுக்கு ஒரு சபாஷ். அவற்றைத் தனித்தனிப் பத்தி ஆக்குங்கள். பிறகு 'ஸ்லைசர்' என்று ஒன்றைச் சேர்க்கலாம். பக்கத்தில் பொத்தான்களாக வந்து நிற்கும், லிஃப்டுக்குள் மாடிப் பொத்தான் இருக்குமே, அச்சு அசல் அது மாதிரி. மூன்றை அழுத்தினால் படம் முழுக்க மூன்றாம் மாடிக்குப் போய்விடும். நீங்கள் விட மாட்டீர்கள், விளையாடிக்கொண்டே இருப்பீர்கள். பார்த்து முடித்ததும் அழுத்தியதை விடுவிக்க மறக்காதீர்கள். ஒரு மாடியை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டடமே இப்படித்தான் என்று சொன்ன பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, பக்கவாட்டில் நேரம், மேலே மாடி என்று பிவட் போட்டு, 'நிபந்தனை நிறம்' கொடுங்கள். எண் ஏற ஏறச் சிவப்பு கருக்கும். நீங்கள் பூசுகிற நிறத்தை அது படிக்காது. ஆனால் அதுவே பூசிக்கொள்கிற நிறத்தை நீங்கள் படிக்கலாம். ஒருதலையான உறவுதான், பழகிக்கொள்ளுங்கள்.

பொறுக்க முடியாமல் நானே போட்டுப் பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன். பார்த்ததும் உங்களுக்கு ஒரு இடத்துக்குப் போகத் தோன்றும். போங்கள். ஆனால் டூல் பாக்ஸ் இல்லாமல் போங்கள். போய்ச் சும்மா உட்காருங்கள்.

சின்னு


ஜூலை 2, புதன்

சின்னு,

மூன்றாம் மாடி, பதினோரு மணிக் கட்டம். கருஞ்சிவப்பு. அதற்கு அடுத்தது அதே மாடி, நான்கு மணி. மற்ற இடமெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தது. வெள்ளைச் சட்டையில் இங்க் கொட்டின மாதிரி இரண்டே இடம். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்லைசரிலும் விளையாடினேன். மீசை மவுஸைப் பிடுங்கி வைத்தான்.

போனேன். வெறுங்கையோடு. மூன்றாம் மாடியில் பெரியவளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்தேன். கை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து, "லிஃப்ட் ரிப்பேரா சார்?" என்றாள். "இல்லம்மா, சும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு நடைப் பயிற்சி முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். காலில் கம்பி வைத்த பஸ் டிரைவர் ஒருவர் ஊன்றுகோலோடு முன்னால். கதவு திறந்தது. அவர் பாதி வழியில் இருக்கும்போதே மூடத் தொடங்கியது. ஊன்றுகோலை நீட்டிக் கதவிடுக்கில் செருகினார். கதவு திறந்து, மூட வந்து, இடித்து, திறந்து, மறுபடி மூட வந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அங்குலம் அங்குலமாக வருகிறார்கள். எல்லோரும் ஏறி முடிப்பதற்குள் பெரியவள் விளக்கை அணைத்துவிட்டு நின்றுவிட்டாள். கதவை மூட விடாமல் திரும்பத் திரும்பத் தடுத்தால் பழுது என்று நினைத்து நின்றுவிடுவது அவள் சுபாவம். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

"கோலை ஏன் உள்ள விடறீங்க?" என்று கேட்டேன்.

"கதவு எனக்காக நிக்கல சார். அதான் நானா நிறுத்தறேன். பஸ்ஸுல எத்தனை பேருக்கு நான் நிறுத்தியிருப்பேன், எனக்கு ஒருத்தன் நிறுத்தக் கூடாதா?" என்றார்.

இத்தனை வருடமாக நின்றுபோனாள் என்று கூப்பிட்டால் ஓடுவேன். நான் போவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். கதவு, மோட்டார், கம்பி எல்லாம் பார்த்துவிட்டு ஓட்டிவிட்டு வருவேன். கதவுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் மூன்று படம் காட்டினேன். முதலில் பழைய தூண். "இது தப்பு, நான் போட்டதுதான்" என்றேன். அப்புறம் சும்மாக்களை விலக்கின தூண். "இதுல கொஞ்சம் உண்மையிலயே அதிகமா நிக்குது, மறைக்கலை" என்றேன். அப்புறம் சிவப்புக் கட்டம். நிர்வாகி அம்மா அந்தக் கருஞ்சிவப்புக் கட்டத்தில் தாமே வந்து இரண்டு தடவை தட்டினார். அவருக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது! வரிகளைப் படித்தார். மணி பார்த்தார். பதினொன்றாகப் பத்து நிமிடம். "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று எழுந்துவிட்டார்.

பஸ் டிரைவர் நிர்வாகி அம்மாவையே கதவைப் பிடிக்கச் சொன்னார். "அம்மா, கொஞ்சம் புடிங்க, பின்னால ஆள் வருது." அவரும் பிடித்தார். எல்லோரும் ஏறும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும். கீழே வந்ததும், "கதவு திறந்திருக்கற நேரத்தைக் கூட்ட முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். மூன்றாம் மாடிக்கு மட்டும் கூட்ட ஒரு திருப்புளிக்குக்கூட வேலை இல்லை, கன்ட்ரோல் பெட்டியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மத்தியானமே மாற்றினேன். நான்கு மணிக் கூட்டம் கோல் நீட்டாமல் ஏறியது. டிரைவர் கதவை ஒரு பார்வை பார்த்தார், 'உனக்கும் புத்தி வந்துவிட்டதா' என்கிற மாதிரி. அடைக்கிற பேச்சை இரண்டு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் வெளிறினால் பேச்சே இல்லையாம். எனக்கு அந்த இரண்டு மாதமும் ரெஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

அப்பா


ஜூலை 4, வெள்ளி, காலை 11.25

அப்பா,

நான்கு தடவை படித்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்ட இடத்தை இன்னும் ஒரு தடவை.

திங்கட்கிழமை போன் பண்ணட்டுமா? மத்தியானம். எழுதிப் போரடித்துவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன்.

சின்னு


ஜூலை 7, திங்கள்

(அனுப்பாமல் வைத்தது)

சின்னு,

இப்போதுதான் போனை வைத்தாய். உன் குரல் கேட்டதில் உன் அம்மா இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள், வெங்காயம் என்றாள், வீட்டில் வெங்காயமே இல்லை.

நான் லிஃப்ட் கதையையே பேசினேன். "அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வரட்டுமா?" என்று கேட்டேன். "டூல் பாக்ஸ்?" என்றாய். "வீட்டுலயே வெச்சுட்டு வர்றேன்" என்றேன். சிரித்தாய். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாய். நானும் இருந்தேன். வழக்கமாக அந்த இடத்தில் நான் நான்கு கேள்வி கேட்டிருப்பேன்.

உன் மேல் தப்பு இருக்கிறது. தட்டாமல் எதையும் நம்பாதே என்று சொல்லித் தந்தது நீதான். கைப்பழக்கத்துக்காக ஒரு நாள் நீ எழுதின கடிதங்களை ஷீட்டில் போட்டேன். கிழமை, வந்த நேரம். மொத்தமே நான்குதான், அதற்குப் பிவட் எதற்கு என்று மீசை கேட்டான். முதல் கடிதம் சாயங்காலம், பஸ்ஸில் சிரித்ததாக எழுதினது. அதற்குப் பிறகு வந்தது எல்லாம் வேலை நாள், காலை பத்தரைக்கு மேல், பன்னிரண்டுக்குள், ஆபீசில் உனக்குத் தலை நிமிர நேரம் இருக்காத நேரம். சிவப்பு அங்கேதான் கருத்தது. இன்றைக்கு மத்தியானம் போனில் உனக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. நீ குரலை உயர்த்திப் பேசி அதை மறைத்தாய்.

'நன்றாக இருக்கிறேன்' என்று நீ எழுதின வரியின் மேல் டக் டக் என்று தட்டலாமா என்று கை வந்தது. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நீயாக வருகிறவரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முடிவு. வரும்போது வெறுங்கையோடு வருவேன். எதிரே ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

நீ வேலைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும், சின்னு.